பெயர் எனும் பெருஞ்செல்வம்

பாடகர் ஒருவரின் புகழ்பெற்ற பழைய பாடல்களைத் தேர்ந்தெடுத்து ஒரே இசைத்தட்டாகத் தொகுத்து விற்பது மேலைநாட்டு இசை வணிகத்தில் நெடுங்கால வழக்கம். புதிதாக உழைக்க வேண்டியதில்லை. முன்பே விலைபோன சரக்கை மறுபடியும் கட்டி அனுப்பினால் போதும். அதனால் இத்தகைய தொகுப்புகளை இசையறிந்தோர் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும் 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பை நம்மால் அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. டீனா டர்னர் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகியின் 'சிம்ப்ளி தி பெஸ்ட்' என்பதே அது. பதினெட்டுப் பாடல்கள் கொண்ட அந்தத் தொகுப்பு பிரிட்டனில் மட்டும் இருபது இலட்சத்திற்கு மேல் விற்றது. நமக்கு வியப்பளிப்பது விற்பனைக் கணக்கன்று. ஒரு பெண் தன் வாழ்வைப் பிறர் கையிலிருந்து மீட்டெடுத்த வரலாறு அதனுள் பொதிந்து கிடப்பதே நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இசையைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஆலிம் பெருமக்களுக்கு உரியது. அந்த வழக்கை இங்கே எழுப்புவது நம் நோக்கமன்று. டீனா நம் மார்க்கத்தவரும் அல்லர். கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து பின்னர் பௌத்த நெறியைத் தழுவியவர். மேடையில் அவர் உடுத்திய உடையும் ஆடிய ஆட்டமும் நம் இல்லங்களுக்கு ஏற்றவையல்ல என்பதைச் சொல்லாமலே நம் வாசகர்கள் அறிவர். எனினும் படிப்பினை எங்கே கிடைத்தாலும் அதை எடுத்துக்கொள்வது அறிவுடையோர் இயல்பு. அந்த எண்ணத்துடனேயே இதனை எழுதுகிறோம்.

1939 நவம்பர் 26ஆம் நாள் டென்னஸி மாநிலத்தில் பிறந்தபோது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆனா மே புல்லக். அவர் வளர்ந்தது நட்புஷ் என்னும் சிற்றூரில். பருத்திக் காடுகள் சூழ்ந்த ஊர் அது. சிறுமியாக இருந்தபோதே தேவாலயப் பாடகர் குழுவில் நின்று பாடினார். கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்களில் நெஞ்சுருகிப் பாடிய முறை உலகியல் பாடலுக்குள் இறங்கியபோது பிறந்ததே 'சோல்' என்னும் இசை. அதனுடன் 'ராக்' இசையின் வேகமும் சேர்ந்தால் டீனாவின் குரல் எத்தகையது என்பது ஒருவாறு விளங்கும். அவர் சிறுமியாக இருக்கும்போதே தாய் வீட்டைவிட்டுச் சென்றுவிட்டார். பாட்டியின் அரவணைப்பில் காலம் கழிந்தது. பின்னர் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்ற இடத்தில் ஐக் டர்னர் என்னும் இசைக்குழுத் தலைவரின் அறிமுகம் ஏற்பட்டது.

இங்கேதான் பெயரின் கதை தொடங்குகிறது. 1960ஆம் ஆண்டு ஆனா மே பாடிய முதல் வெற்றிப் பாடல் வெளிவந்தபோது இசைத்தட்டில் அச்சாகியிருந்த பெயர் ஆனா மே அன்று, டீனா டர்னர். 'டீனா' என்பது ஐக் தேர்ந்த பெயர். 'டர்னர்' அவருடைய குடும்பப் பெயர். அப்போது இருவருக்கும் மணம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பெயரைத் தம் வணிக உடைமையாகவும் அவர் பதிவு செய்துகொண்டார். இந்தப் பெண் விலகிப் போனால் வேறொரு பெண்ணை அதே பெயரில் மேடையில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது கணக்கு. குரல் அவளுடையது, உழைப்பு அவளுடையது, அந்தக் குரலை உலகம் அழைக்கும் பெயரோ மற்றொருவரின் பெட்டிச் சாவி!

1962இல் இருவரும் மணந்துகொண்டனர். 1966இல் பில் ஸ்பெக்டர் என்னும் தயாரிப்பாளர் 'ரிவர் டீப் மௌண்டன் ஹை' என்ற பாடலை டீனாவைக் கொண்டு பதிவு செய்தார். ஐக் அந்தப் பதிவில் பங்கேற்கவில்லை. ஆயினும் தட்டில் இருவர் பெயரும் இடம்பெற்றன. அமெரிக்காவில் தோற்ற அப்பாடல் பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை உயர்ந்தது. 1971இல் 'பிரௌட் மேரி' அமெரிக்காவில் பெருவெற்றி பெற்றது. வெளியுலகுக்கு அவர்கள் புகழ்பெற்ற தம்பதியர். வீட்டுக்குள் நிலைமை வேறு. அடியும் வசையும் அச்சமுமே தமக்கு அன்றாடம் என்று 1981இல் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டியிலும், 1986இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்று நூலிலும் டீனா வெளிப்படையாகச் சொன்னார். ஐக் சிலவற்றை மறுத்தார். கை நீட்டியதை ஒப்புக்கொண்டும் பேசினார்.

1976ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், நிகழ்ச்சி ஒன்றுக்காக டல்லாஸ் நகருக்குச் சென்ற வேளையில் மீண்டும் அடி விழுந்தது. அன்றிரவு கணவர் உறங்கியதும் டீனா விடுதியை விட்டு வெளியேறினார். வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து ஓடி வேறொரு விடுதியின் வாயிலில் போய் நின்றார். கையில் இருந்தவை 36 சென்ட் நாணயங்களும் பெட்ரோல் வாங்கும் அட்டை ஒன்றும் மட்டுமே. அப்போது அவருக்கு வயது 36. பதினாறு ஆண்டுகள் மேடைதோறும் பாடி உழைத்த ஒரு பெண்ணின் கைச்சேமிப்பு அவ்வளவுதான்.

மணவிலக்கு வழக்கு 1978இல் முடிவுக்கு வந்தது. இரண்டு மோட்டார் வண்டிகள், நகைகள், தாம் இயற்றிய பாடல்களுக்குரிய பங்கு ஆகியவை அவருக்கு எஞ்சின. மற்றச் சொத்துகளை அவர் விட்டுக்கொடுத்தார். பாதியில் நின்றுபோன நிகழ்ச்சிகளின் கடன் சுமையும் அவர் தலையில் விழுந்தது. ஆனால் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. 'டீனா டர்னர் என்ற பெயர் எனக்கு வேண்டும்' என்பதே அவருடைய உறுதியான கோரிக்கை. நீதிமன்றம் அதனை அவருக்கு வழங்கியது.

அடித்தவர் சூட்டிய பெயரை ஏன் கேட்டார்? தூக்கி எறிந்துவிட்டு ஆனா மே என்றே மறுபடி தொடங்கியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றக்கூடும். சற்று எண்ணிப் பார்த்தால் உண்மை புலப்படும். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஒருவர். அதற்குப் பொருள் தந்தவர் மற்றொருவர். பதினாறு ஆண்டுகள் இரவும் பகலும் பாடி அந்தப் பெயருக்கு மதிப்பை ஏற்றியது அவருடைய தொண்டை. அதனை விட்டுச் செல்வது தம் உழைப்பு முழுவதையும் விட்டுச் செல்வதாகும். வீடும் பணமும் போனால் மீண்டும் ஈட்டலாம். சம்பாதித்த பெயர் போனால் எதைக்கொண்டு ஈட்டுவது?

அவ்வாறே அவர் ஈட்டினார். அரசு ஏழைகளுக்கு வழங்கும் உணவுச் சீட்டைக் கொண்டு சில காலம் குடும்பம் நடந்தது. விடுதிகளிலும் சிறு அரங்குகளிலும் பாடிக் கடனை அடைத்தார். இசை நிறுவனங்களின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1983இன் இறுதியில், அல் கிரீன் என்பவர் முன்பு பாடிப் புகழ்பெற்ற 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' என்ற பாடலை டீனா பிரிட்டனில் புதிதாகப் பாடி வெளியிட்டார். அது வெற்றி பெற்றது. அதன் பயனாக 1984இல் 'பிரைவேட் டான்சர்' என்னும் முழு இசைத்தட்டு வெளிவந்து உலகெங்கும் கோடிக்கு மேல் விற்றது. அதிலிருந்த 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தபோது அவருக்கு வயது 44. இளமையே முதலீடு என்று கருதப்படும் துறையில் அது அரிய செயல். மறு ஆண்டு கிராமி விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1988இல் பிரேசில் நாட்டின் மரக்கானா அரங்கில் அவர் பாடலைக் கேட்க 1,80,000 பேருக்கு மேல் திரண்டனர்.

இப்போது அந்த 1991ஆம் ஆண்டுத் தொகுப்பைத் திறந்து பார்ப்போம். வளைகுடாவில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த ஒலிநாடாவாக அது நம் கைக்கு வந்தது. வரிசையை உற்று நோக்கினால் பெரும்பாலானவை 1983க்குப் பின்னர், அதாவது விடுதலைக்குப் பின்னர் பாடியவை. கணவருடன் இருந்த காலத்தின் நினைவாக இரண்டே பாடல்கள். ஒன்று 'ரிவர் டீப்'. அதில் ஐக் பங்கேற்கவில்லை என்பதை மேலே கண்டோம். மற்றொன்று 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்'. தம் பிறந்த மண்ணைப் பற்றி 1973இல் டீனாவே இயற்றிய பாடல். அதன் பழைய பதிவை இதில் சேர்க்கவில்லை. இத்தொகுப்புக்கென்றே மீண்டும் புதிதாகப் பாடிச் சேர்த்தார். இருவர் பெயரில் அமெரிக்காவில் பெருவெற்றி கண்ட 'பிரௌட் மேரி' இத்தொகுப்பில் இல்லவே இல்லை. வசை இல்லை, வழக்கு இல்லை. எது என் கணக்கு, எது அன்று என்று அமைதியாகக் கோடு கிழித்துக் காட்டுகிறது அந்த வரிசை.

அதே 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மண்டபம் 'ஐக்கும் டீனாவும்' என்று இருவரையும் ஒருசேரக் கௌரவித்தது. ஐக் அப்போது சிறையில் இருந்தார். டீனா விழாவுக்குச் செல்லவில்லை. உலகம் இருவர் பெயரையும் மறுபடி முடிச்சிட்ட அதே ஆண்டில், தம் பெயர் மட்டும் பொறித்த தொகுப்பை அவர் கடைக்கு அனுப்பினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே மண்டபம் அவரைத் தனியொருவராகவும் ஏற்றுப் பெருமை கொண்டது.

இந்த வரலாற்றைப் படித்தபோது நம் மார்க்கம் பெண்ணுக்கு அளித்திருக்கும் உரிமைகள் நம் கண்முன் வந்து நின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியார் என்னும் ஈடிணையற்ற சிறப்பைப் பெற்றிருந்தும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை வரலாறு அபூபக்ரின் மகளார் என்றே அழைக்கிறது. நிக்காஹ் ஆனதும் பெண் தன் பெயரை இழப்பதில்லை. அவள் ஈட்டிய பொருளும் பெற்ற மஹரும் அவளுக்கே உரியவை. வாழ இயலாத இடத்திலிருந்து விலகவும் அவளுக்கு வழி உண்டு. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் நபிகளாரிடம் வந்து, கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் தமக்குக் குறையில்லை, ஆயினும் சேர்ந்து வாழ இயலவில்லை என்று முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து அவர் விடுதலை பெற்ற செய்தியை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அதுவே குலா. டீனா பிறந்த அதே 1939ஆம் ஆண்டில் நம் நாட்டில் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நிறைவேறியது. கணவனின் கொடுமையை மணவிலக்குக்குரிய காரணமாக அது ஏற்றுக்கொண்டது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கிடைத்த உரிமை. சட்டமும் துணை நிற்கும் உரிமை. எனினும் நம் ஊர்களில் அதனைக் கேட்கும் பெண்ணை நாம் எவ்வாறு நோக்குகிறோம்?

நம் குடும்பத்துச் சாச்சி ஒருவர் இளம் வயதில் குலா பெற்றவர். இரண்டு பிள்ளைகளைத் தையல் இயந்திரத்தின் துணையால் வளர்த்து ஆளாக்கினார். அவரை ஒருவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'அந்த வீட்டிலிருந்து வந்தவர்' என்பதே உறவினர் வாயில் அவருக்கு வழங்கிய பெயர். மூத்த மகனுக்கு நிக்காஹ் நிச்சயமானபோது அழைப்பிதழில் யார் பெயரைப் போடுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசினர். மாமன் பெயரில் அழைக்கலாம் என்றார் ஒருவர். பாட்டனார் பெயர் போதும் என்றார் மற்றொருவர். கதவுக்குப் பின்னால் நின்ற சாச்சி, "மகனை வளர்த்தவ நான். எங்க வாப்பா பேரைப் போட்டு, அவங்க மகள்னு எம்பேரையும் போடுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். கூடத்தில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பின்னர் ஊர்ப் பெரியவர் ஒருவர், "பிள்ளை நியாயத்தைத்தானே கேட்குது" என்றார். அழைப்பிதழ் அவ்வாறே அச்சாகி வந்தது. சாச்சி ஒரு பிரதியைத் தையல் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். டல்லாஸ் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது; டீனா என்றொருவர் இருந்ததும் தெரியாது. இருவரும் கேட்டது ஒன்றே.

டீனா டர்னர் தம் இறுதிக் காலத்தை ஸ்விட்சர்லாந்தில் கழித்தார். 2013இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, தம்மை மதித்த துணைவரை மணந்து, 2023 மே 24ஆம் நாள் தமது 83ஆம் வயதில் மறைந்தார். உலக நாளிதழ்கள் யாவும் அன்று அச்சிட்ட பெயர், நீதிமன்றத்தில் அவர் கேட்டுப் பெற்ற அதே பெயர்.

நம் மக்களுக்கு நாம் நகை சேர்க்கிறோம், சீர் சேர்க்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடே கொடுத்து அனுப்பும் நல்வழக்கமும் உண்டு. இவற்றோடு இன்னும் ஒன்றையும் கொடுப்போமாக: துன்பம் பொறுக்க முடியாமல் அவள் வாசலில் வந்து நிற்கும் நாளில், 'எங்கிருந்து வந்தாய்' என்று கேளாமல், அவள் பெயரைச் சொல்லி உள்ளே அழைக்கும் வாய். வல்ல இறைவன் அந்த வாயையும் அதற்குரிய நெஞ்சையும் நம் அனைவருக்கும் அருள்வானாக.