மூலூஸ் நகரத்து வெள்ளி யானை

பிரான்ஸ் தேசத்திலே மூலூஸ் என்ற ஊருக்குப் போனால், மோட்டார் மியூசியத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பழைய நூல் ஆலைதான் அது. பாரிஸ் பாலத்து விளக்குகளைப் போலவே நூற்றுக்கணக்கில் வார்த்து நிறுத்தி, அவற்றின் கீழே வரிசை வரிசையாகக் கார்கள்! 'புகாட்டி' மட்டுமே நூற்றுக்கு மேல். உலகத்திலேயே ஆறுதான் மிஞ்சியிருக்கிற 'ராயல்' வண்டியில் இரண்டு இங்கே. அதன் மூக்கு நுனியில், பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறதே குட்டி வெள்ளி யானை, அதை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை!

இவ்வளவையும் ரகசியமாகச் சேர்த்தவர்கள் ஆலை முதலாளிகளான ஷ்லும்ப் சகோதரர்கள். ஆலைகள் நொடித்தன, அவர்கள் சுவிட்ஸர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977-ல், வேலையிழந்த தொழிலாளிகள் உள்ளே புகுந்தார்கள். தங்கள் உழைப்பெல்லாம் எங்கே போயிற்று என்பது கண்ணெதிரே பளபளத்தது! இரண்டு வருஷ காலம் அவர்களே ஊராருக்குத் திறந்து காட்டினார்கள். 1982-ல் மியூசியமாயிற்று. நானாயிருந்தால், அம்மணிகளே, அந்த யானையையாவது பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன்!