மொட்டை மாடியில் ஒரு குட்டி ஊட்டி!

இன்ஸ்டாவில் நீங்களும் பார்த்திருப்பீங்க... ஒரு சின்னத் தொட்டி, அதுல கொத்துக் கொத்தா நீலப் பழம், கீழே '100 விதை வெறும் 99 ரூபாய்!' ஸ்க்ரோல் பண்ற விரல் அப்படியே நிற்கும். நிற்கட்டும் பாஸ், தப்பில்லை. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் காது கொடுங்க. பூந்தமல்லி வெயிலில், மொட்டை மாடியில், ரெண்டு வருஷமா ஒரு ப்ளூபெர்ரிச் செடியோட குடித்தனம் நடத்துறவன் சொல்றேன்.

முதல் மேட்டர், விதையே வேண்டாம். அது கடுகைவிடப் பொடிசு. முளைச்சு, செடியாகி, காய்க்கறதுக்குள்ள நீங்க டிகிரி முடிச்சு அரியரும் க்ளியர் பண்ணிடலாம். வாங்கினா ரகத்தோட பேர் தெரிஞ்ச கன்றுதான் வாங்கணும். ஏன்னா, ரகத்துலதான் விஷயமே இருக்கு.

இந்தச் செடியோட கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் அமெரிக்காவில் இது காட்டுப் பழம்தான். தோட்டத்தில் வெச்சா வராது. ஃப்ரெடரிக் கோவில்னு ஒரு தாவரவியல் விஞ்ஞானி (சத்தியமா பேரே கோவில்தான்!), 'இதுக்குப் புளிப்பு மண்தான் வேணும்'னு கண்டுபிடிச்சு 1910-ல் எழுதினார். அதைப் படிச்ச எலிசபெத் ஒயிட்ங்கிற நியூஜெர்சி விவசாயி வீட்டுப் பெண் அவரோட கைகோத்தாங்க. 1916-ல் முதல் விளைச்சல் விற்பனைக்கு வந்தது.

கோவில் அதோட விடலை. குளிர்காலத்துல கண்ணாடிக் கூடத்துக்குள்ள கதகதப்பா வெச்ச செடி, வசந்தம் வந்தும் தூங்கிட்டே இருந்துச்சு. ஒரு கிளையை மட்டும் வெளியே குளிரில் நீட்டிவிட்டுப் பார்த்தார். அந்தக் கிளை மட்டும் துளிர்த்தது! 1920-ல் வெளிவந்த ஆய்வு இது. நாம செல்லமா பொத்திப் பொத்தி வெச்சா முறைச்சுக்கிற ஜாதி!

இப்ப கணக்குக்கு வாங்க. அமெரிக்காவோட வடபகுதிக் குளிர் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல குளிர் வேணும். சென்னையில பதிவானதிலேயே குறைஞ்ச வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் 1905-ல்! ஸோ, அந்த ரகமெல்லாம் நமக்கு இலை மட்டும்தான்.

'அப்ப பெருவில் எப்படி விளையுது?'ன்னு ஒரு புத்திசாலி கேட்பீங்க. நல்ல கேள்வி. 1998-ல் அமெரிக்க விவசாயத் துறை 'பிலாக்ஸி'ன்னு ஒரு ரகம் விட்டாங்க. அதுக்குக் குளிர் ரொம்பக் குறைவாப் போதும். பெருவோட பாலைவனக் கடற்கரையில அதைத்தான் நிறைய நட்டாங்க. பூமத்திய ரேகைக்கு நம்மைவிடப் பக்கத்துல இருக்கிற இடம். ஆனா அங்க குளிர்ந்த கடல் நீரோட்டம் இலவசமா ஏ.சி. போடுது. நமக்கு அக்னி நட்சத்திரம்!

என்கிட்ட இருக்கிறதும் பிலாக்ஸிதான். 16 இன்ச் தொட்டி. தோட்டத்து மண் ஒரு பிடிகூடக் கிடையாது. நல்லாக் கழுவின தேங்காய் நார்த்தூள், ஆர்க்கிட் செடிக்கு விக்கிற பைன் மரப்பட்டை, கொஞ்சம் பெர்லைட். பி.ஹெச். 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் நிற்கணும். காலை வெயில் ஓகே. பதினோரு மணிக்கு மேல பச்சை வலை.

உண்மையான வில்லன் தண்ணி. எங்க போர் தண்ணியைப் பக்கெட்டில் வெச்சாலே வெள்ளைக் கோடு விழும். அதை ஊத்தினா மண்ணோட புளிப்பு போயிடும். இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால எடுக்க முடியலைன்னு அர்த்தம். அதனால ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடிச்சு, கொசு வராம மூடி வெச்சுக்கிறேன். அது தீர்ந்தா ஆர்.ஓ. தண்ணி. மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணி இல்லை பாஸ், உப்பு மொத்தமும் அதுலதான்! சாம்பல், முட்டை ஓடு ரெண்டும் இந்தத் தொட்டிக்கு விஷம். எங்க ஆயா சாம்பலோட மாடி ஏறி வந்ததை ரெண்டு தடவை தடுத்திருக்கேன்.

மத்ததெல்லாம் சமாளிக்கலாம். ஏப்ரல், மே மட்டும்தான் கண்டம். இந்தச் செடிக்கு ஆணிவேர் கிடையாது, மேலாக முடி மாதிரிதான் வேர். ஒரு நாள் தண்ணி விட்டுப்போனா ஓரமெல்லாம் கருகிடும். நமக்கு செமஸ்டர் வர்றதும் அதே ஏப்ரல், மே! நான் எக்ஸாம் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது, மூட்டுவலியோட இருபத்தி ரெண்டு படி ஏறி ஊத்தினது ஆயா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தொட்டியில செடி வளர்க்க ஆசைப்படற ஹாஸ்டல்வாசிகளே, நீங்க இல்லாத நாளில் யாரோட முழங்கால் அந்தப் படி ஏறப்போகுதுன்னு முதல்ல யோசிங்க.

ரெண்டு வருஷத்துல மொத்தம் ஒன்பது பழம். ரெண்டு அணில் கணக்கு. நீலமானதும் பறிக்காம நாலு நாள் விட்டால்தான் இனிப்பு ஏறும். அப்படிக் காத்திருந்து பறிச்சதில் ஒண்ணை ஆயாகிட்ட நீட்டினேன். மென்னுட்டு, "இன்னாடா இது... களாப்பழத்துக்கு இது உறை போடக் காணுமா?"ன்னுச்சு.

எனக்கும் உறைச்சது. களா நம்ம மண்ணோட புதர். வெயில், உப்புத் தண்ணி எதுக்கும் அசராது. மல்லி மாதிரி வெள்ளைப் பூ, வாசனை வேற. காய் ஊறுகாய்க்கு, கருத்த பழம் வாய்க்கு. முள் இருக்கு, ஒடிச்சா பால் வரும், கன்று காய்க்க சில வருஷம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லைன்னா முசுக்கொட்டை, அதாங்க மல்பெரி. பென்சில் தடிமன் குச்சியை ஊன்றினாலே வேர் பிடிக்கும். கவாத்து பண்ணினா புதுக் கிளையில் காய்க்கும்.

ப்ளூபெர்ரியோட சொந்தக்காரங்களைப் பார்க்கணும்னா அடுத்த ஊட்டி, கொடைக்கானல் டூரில் சோலைக்காட்டு ஓரமா கண்ணை ஓட்டுங்க. அதே வாக்சினியம் பேரினத்துச் செடிகள் அங்க தானாவே வளருது. ஒண்ணோட அறிவியல் பேரிலேயே நீலகிரி இருக்கு. பார்க்கறதோட நிறுத்திக்கணும், பிடுங்கக் கூடாது.

என் பிலாக்ஸியா? ஜூனில் வேலைக்கு பெங்களூர் போறேன், அதுவும் கூட வருது. கிழக்கு பார்த்த பால்கனி இருக்கிற ரூமாப் பார்த்துட்டு இருக்கேன். இங்க அது இருந்த இடத்துல ஒரு களாக்கன்று வெச்சாச்சு. இன்னைக்குத் தண்ணி இல்லைன்னா நாளைக்குக் குடிச்சுக்கும். ஆயாகிட்டயும் சொல்லிட்டேன், தினம் மாடி ஏற வேண்டாம்னு.