தலையைக் கொண்டு போன டாக்டர்

நுவரெலியாவில் வெள்ளைக்காரர் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. கவர்னர் ஹோட்டன் பேரில் ஒரு சமவெளி, சாமுவேல் பேக்கர் பேரில் ஒரு நீர்வீழ்ச்சி. கிராண்ட் ஹோட்டலைக் காட்டி, இது கவர்னர் பார்ன்ஸின் வீடா இருந்தது என்று கைடுமார் சொல்லுவாங்க. ஹென்றி மார்ஷல் என்ற டாக்டரின் பேர் மட்டும் எந்தப் பலகையிலும் எங்க கண்ணில் பட்டதில்லை. கேம்பஸ் வந்து வரலாறு படிக்கத் தொடங்கின பிறகுதான் அந்த ஆளைச் சந்தித்தோம். சந்தித்த பிறகு விட முடியவில்லை.

1775இல் ஸ்கொட்லாந்தில் கில்சித் என்ற ஊரில் பிறந்தவர். 1803இல் பிரித்தானியக் கடற்படையில் கப்பல் சர்ஜனுக்கு உதவியாளாகச் சேர்ந்து, அடுத்த வருஷமே இறங்கிவிட்டார். பிறகு தரைப்படை வைத்தியர். 1808இல் இலங்கைக்கு வந்தவர் 1821 வரை இங்கேதான். 1815இல் கண்டி இராச்சியம் விழுந்தது, 1817–18இல் ஊவாவில் தொடங்கிப் பரவிய கிளர்ச்சி, அதை அடக்கிய கொடூரம் எல்லாம் அவர் இங்கே இருந்த காலத்தில் நடந்தவை.

அவருடைய உண்மையான திறமை மருந்தில் இல்லை, கணக்கில் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. எந்த முகாமில் எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள், எத்தனை பேர் குண்டுபட்டுச் செத்தார்கள் என்று எண்ணிப் பார்த்த மனுஷன். மலைநாட்டுச் சண்டையில் பிரித்தானியச் சிப்பாய்களைக் கொன்றது பெரும்பாலும் நோய்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு, 1830களில், அலெக்சாண்டர் டல்லொக் என்ற அதிகாரியோடு சேர்ந்து இராணுவத்தின் சாவுக் கணக்குகளை அறிக்கையாக்கினார். ஜமெய்க்காவில் கரையோர முகாம்களில் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாகச் சாக, மலைமேல் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று அந்த எண்கள் காட்டின. நுவரெலியாவும் நோயாளிச் சிப்பாய்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள 1820களின் கடைசியில் பார்ன்ஸ் அமைத்த இடம்தானே. டூரிஸ்ட் இப்ப குளிர் காயுற ஊர், ஒரு ஆஸ்பத்திரி யோசனையில் பிறந்தது.

இனி தலை விஷயம். கிளர்ச்சியை அடக்க பிரித்தானியர் அனுப்பிய கெப்பெட்டிபொல திசாவை, போன இடத்தில் கிளர்ச்சிக்காரரோடேயே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவருடைய தலையை வெட்டினார்கள். அந்த மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டு போய், எடின்பரோவில் மண்டையை அளந்து குணம் சொல்லும் ஒரு சங்கத்துக்குக் கொடுத்தவர் நம்ம டாக்டர்தான். சுதந்திரம் கிடைத்த பிறகே அது ஊருக்குத் திரும்பியது. 1954இல் தலதா மாளிகைக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள்.

இதில் எங்களைக் குழப்புவது, அதே மார்ஷல் 1846இல் எழுதிய இலங்கைப் புத்தகம். கிளர்ச்சி வென்றிருந்தால் கெப்பெட்டிபொலவைத் துரோகி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தேசாபிமானி என்றே கொண்டாடியிருப்பார்கள் என்கிற அர்த்தத்தில் அதில் எழுதியிருக்கிறார். சிப்பாய்களைக் கசையால் அடிக்கும் தண்டனையையும் விமர்சித்தவர். இவ்வளவு யோசிக்கத் தெரிந்த ஆள் அந்தத் தலையை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்? ஹொஸ்டலில் இதை வைத்து ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. "அந்தக் காலத்து அறிவியல் அப்படி" என்று ஒரு கட்சி. அந்த வாதம் எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் தொண்டையில் இறங்கவில்லை.

அவருடைய சகா ஜோன் டேவியும் இராணுவ வைத்தியர். கிளர்ச்சியில் தங்கள் பக்கத்து இழப்பு சுமார் ஆயிரம், கண்டிக்காரர் பக்கம் ஒருவேளை பத்தாயிரம் இருக்கலாம் என்று அவர் எழுதினார். அந்த "ஒருவேளை" எங்களுக்குப் பழக்கமான சொல். மார்ஷல் கப்பலேறி ரெண்டு மூன்று வருஷத்தில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. எங்க ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். கொலராவிலும் அம்மையிலும் வழியில் விழுந்தவர்களை எண்ண ஒரு மார்ஷல் இருக்கவில்லை. எத்தனை ஆயிரம் என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். தோட்டங்களில் வைத்திய வசதிக்கென்று ஒரு சட்டம் வந்ததே 1872இல்தான்.

கணக்கே இல்லாமல் இருந்ததா? அதுவும் இல்லை. ஒரு நாள் வேலைக்கு எங்க தோட்டங்களில் 'பேர்' என்றுதான் பெயர். கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரில் பெரும்பகுதியை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பிரிச்சப்போ, எண் துல்லியமாத்தான் இருந்தது.

அதனால் ஒரு வேலை. லீவுக்கு வீட்டுக்குப் போறவங்க, தோட்டத்து டிஸ்பென்சரியில் பழைய பதிவுப் புத்தகம் ஏதாவது கிடக்குதா என்று டிஸ்பென்சர் ஐயாகிட்ட மரியாதையாக் கேட்டுப் பாருங்க. லயத்தில் வயசான அம்மாயி, அப்பாயி இருந்தால் பிரசவத்திலும் காய்ச்சலிலும் போனவங்க பேரைக் கேட்டு எழுதுங்க. தேயிலைக்குள்ள இருக்கிற புதைகுழி எந்த மலையில், எந்த நம்பரில் என்பதையும் சேர்த்து எழுதுங்க. அவங்களுக்கு அது மறக்காது.