சோறு இருக்கும் வீட்டில்

ஆலங்குளம் வானம் பார்த்த பூமி. சிமெண்ட் ஆலையும், சுற்றுவட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி வேலைகளும் வருவதற்கு முன் எங்கள் கரிசலில் கம்பங்கூழுக்கே பஞ்சமான ஆண்டுகள் உண்டு. ஆகவே இளைத்தவரைக் கண்டால் ஊர் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் கஷ்டமோ? சோறு இருந்தும் ஒருத்தி உண்ண முடியாமல் போகக்கூடும் என்பது எங்கள் அனுபவத்திற்கு வெளியே இருந்தது.

அக்கா மகளுக்கு அது நேர்ந்தது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம் என்றாள். விரதம் இருப்பவளை யார் கேள்வி கேட்பார்கள்? ஆடி முடிந்தும் விரதம் முடியவில்லை. கண்ணேறு என்றார்கள், திருநீறு பூசினார்கள். மருத்துவரிடம் கொண்டுபோனபோது பதினேழு வயது, 156 சென்டிமீட்டர் உயரம், 36 கிலோ எடை. வயது வந்தோருக்கு உடல் நிறைக் குறியீடு 18.5க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. அவளுக்கு 15கூட இல்லை. மாதவிலக்கு நின்றிருந்தது. "இன்னும் குண்டாத்தான் இருக்கேன் மாமா" என்றாள். பொய் சொல்லவில்லை, கண்ணாடியில் அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

இந்நோய்க்கு 1873இல் வில்லியம் கல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். எங்கள் மாவட்டத்தின் மகன் காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். அந்தச் சத்துணவில் தட்டேந்திப் படித்தவள் அக்கா. "பசிச்சவளுக்குச் சோறு போடத் தெரியும் தம்பி. சோத்தப் பாத்துப் பயப்படுறவள என்ன செய்ய?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

எனக்குப் புரியாத இன்னொன்றும் இருந்தது. உண்ணாதவள் ஓயாமல் சமைத்தாள். இரவெல்லாம் கைபேசியில் சமையல் காட்சிகள் பார்த்தாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பாள். பாசாங்கு என்றே உறவினர் நினைத்தனர். பிறகுதான் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் நடந்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஆன்செல் கீஸ் என்பவர், உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்துடன், ஆறு மாதம் அரைவயிற்று உணவே கொடுத்தார். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அவர்கள் சமையல் நூல்களைச் சேகரித்தார்கள். உணவைப் பற்றியே பேசினார்கள், கனவு கண்டார்கள். எரிச்சலும் சோர்வும் கொண்டு தனிமையை நாடினார்கள். நாங்கள் அவள் பிடிவாதம் என்று எண்ணியவற்றில் பாதி, பட்டினி செய்த வேலை. நோய் பட்டினியைக் கொண்டுவருகிறது. பட்டினி நோயை இறுக்குகிறது.

ஆகவே முதல் மருந்து சோறுதான் என்றார் மருத்துவர். ஆனால் படிப்படியாக. நெடுநாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாக உண்டால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுவிடலாம். அடுத்த மருந்து, பக்கத்தில் ஓர் ஆள். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையின்படி, பிள்ளையின் உணவைப் பெற்றோரே சில காலம் பொறுப்பேற்கிறார்கள். வாதம் கூடாது, கெஞ்சல் கூடாது, தட்டு காலியாகும்வரை எழுந்துபோகவும் கூடாது.

விடியுமுன் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிற தாய்க்கு இது எளிதா? அக்கா வாரக்கூலியை விட்டாள். மூன்று வேளையும் மகளோடு உட்கார்ந்தாள். ஓர் இட்லிக்கு ஒரு மணி நேரம் ஆன நாட்களும் உண்டு. எட்டு மாதத்தில் 43 கிலோ. நோய் முற்றிலும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடகுக்குப் போன நகை இன்னும் திரும்பவில்லை.

பள்ளிப் பந்தியில் பக்கத்தில் இருப்பவள் தட்டைப் பார்க்காமல் யாரும் உண்பதில்லை. வீட்டுக்குள் அந்தப் பந்தி கலைந்துவிட்டது. ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு 'அப்பவே சாப்பிட்டேன்' என்று சொல்லும் ஒரு பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவளை உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் உட்காருங்கள்.