பதிவேடு பேசுமா?

எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டிலே ஆண்டுதோறும் சில பெயர்கள்மீது சிவப்பு மைக்கோடு விழும். பாதியிலே நின்றுவிட்ட பிள்ளைகள்! ஒருத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றாள். ஒருவன் செங்கற்சூளைக்குப் போனான். இன்னொருவன் எங்கே போனான் என்று எவருக்குமே தெரியவில்லை. கோடு போட்ட கை, என் கை. அந்தக் கோடு கண்ணை உறுத்திற்று; உறக்கத்தைக் கெடுத்தது; எழுதினேன், ஒரு நாவல். கதை சொல்வது நானல்ல, பதிவேடு! தன் மேனியிலே விழுந்த ஒவ்வொரு கோட்டையும் பற்றி அதுவே பேசுகிறது.

கையெழுத்துப்படியோடு திருவாலங்காட்டிலே ரயிலேறினேன். மணவூர் கடந்தது, கடம்பத்தூர் கடந்தது, திருவள்ளூரும் கடந்தது. சென்னைப் பதிப்பாளர் பத்துப் பக்கம் புரட்டினார், முறுவலித்தார்.

"டீச்சரம்மா, பதிவேடு எங்கேயாவது பேசுமா? ஓர் ஆசிரியை சொல்வதுபோல மாற்றிக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்."

அவர் மேசையின்மீது அடுக்கியிருந்தவை என்ன தெரியுமா, நண்பர்களே? தலபுராணங்கள்! காளியும் சிவனும் ஆடற்போட்டி நடத்தினர், காளி தோற்றாள் என்று எங்கள் ஊர்க் கதையே பேசுகிறது. அதை அச்சிடலாம், விற்கலாம். பதிவேடு வாய் திறந்தால் மட்டும் பகுத்தறிவு வந்துவிடுகிறது பதிப்பாளருக்கு!

இன்னொருவர் படிக்கவே இல்லை. அச்சுச் செலவு முழுவதையும் நானே தரவேண்டும். படிகளையும் நானே விற்றுக்கொள்ளவேண்டும். அவர் பங்கு? தம் பதிப்பகப் பெயரைப் போடுவாராம்! பிரெஞ்சு நாட்டு மார்செல் புரூஸ்ட், தம் பெருநாவலின் முதற்பகுதியை 1913இல் சொந்தப் பணத்திலேதான் வெளியிட்டார், மெய்தான். அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை. மாதக் கடைசியிலே ரயில் சீட்டுக்குச் சில்லறை எண்ணுகிறவள் நான்.

திரும்பும் வழியெல்லாம் ப. சிங்காரத்தையே நினைத்து வந்தேன். சிங்கம்புணரியிலே 1920இல் பிறந்து, இளமையிலேயே இந்தோனேசியா சென்று, மேடானிலே வட்டிக்கடையில் பணியாற்றி, போரைக் கண்ணாலே கண்டு திரும்பியவர். யப்பானியர் ஆட்சியையும், இந்திய தேசிய இராணுவத்தையும், அங்கே அல்லற்பட்ட தமிழனையும் அவர்போல் நாவலாக்கியவர் யார்? அவருக்கு வாய்த்ததைக் கேளுங்கள். 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பட்டது. கலைமகள் போட்டியிலே பரிசு பெற்ற பிறகே, 1959இல், வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதப்பட்டது, அச்சேறியது 1972இல். பத்தாண்டுகள்! மதுரையிலே நாளேட்டுப் பணியில் காலம் கழித்தார், 1997இல் மறைந்தார், மூன்றாவது நாவல் வரவேயில்லை. இன்று அவரைப் புகழாத இலக்கிய மேடை அரிது. புகழுரையா அந்த மூன்றாவது நாவலைத் தரும்?

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பதிப்பாளர் சொற்படி ஓரிரவு மாற்றி எழுதிப் பார்த்தேன். அச்சிலே பெயரைக் காணும் ஆசை யாரை விட்டது? பதிவேட்டின் வாயை மூடிவிட்டு ஆசிரியையைப் பேசவைத்தேன். நாலாம் பக்கத்திலேயே அவள் காரணம் காட்டத் தொடங்கிவிட்டாள்: "வீட்டிற்குச் சென்றேன், யாருமில்லை, மேலிடத்துக்கு எழுதினேன், பதிலில்லை." எல்லாம் உண்மை. ஆனால், கோடு போட்டவளே கதை சொன்னால், கோடு விழுந்த பிள்ளை மறைந்துபோகிறது. ஆசிரியையின் நல்ல மனந்தான் பக்கமெல்லாம் தெரிகிறது. பதிவேட்டுக்கோ காப்பாற்றிக்கொள்ள நற்பெயர் ஏதுமில்லை! விடிவதற்குள் அந்தத் தாள்களைக் கிழித்தேன்.

வரும் சனிக்கிழமை மீண்டும் ரயில். இம்முறை ஒரு சிறு பதிப்பாளர். ஓரறையே அவர் அலுவலகம் என்று கேள்வி. தொலைபேசியிலேயே முதல் அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாம் பக்கத்திலே இடைமறித்தார்.

"அந்தப் பையன், எங்கே போனான் என்றே தெரியாதவன், அவன் பெயர் என்னம்மா?"