இலவச டிக்கெட்டுக்கு நான் கொடுத்த விலை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், "ஃப்ரிட்ஜ் புதுசா? ரொம்ப நல்லா இருக்கே!" என்று சொன்னால் எனக்கு முகம் சுருங்கிவிடும். பேச்சை மாற்றி, "காப்பி சாப்பிடுங்க" என்று சமையலறைக்குப் போய்விடுவேன். அந்த ஃப்ரிட்ஜின் கதையைச் சொன்னால் கிரெடிட் கார்டு கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என்னைப் போன்ற நாலு பேருக்கு உபயோகப்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சி. அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்கிறார். ஒரே பெண். 2022 ஆரம்பத்தில் அவளுக்குக் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். அவளை அனுப்பிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. ஒரு தடவையாவது நானாகச் சேர்த்த காசில் டிக்கெட் எடுத்து அவள் வீட்டுக்குப் போய் இறங்க வேண்டும்.

அந்த ஜூன் மாதம் ஒரு கடை வாசலில் மேஜை போட்டு நின்றிருந்த பையன் ஒருவன் எங்களை மறித்தான். "ஆன்ட்டி, நீங்க மளிகை வாங்கினாலே போதும். பாயின்ட் சேரும். பாயின்ட் சேர்ந்தா பிளேன் டிக்கெட் ஃப்ரீ!" என்றான். ஒரு விமானக் கம்பெனியின் பெயர் போட்ட கார்டு அது. 200 ரூபாய் செலவுக்கு 4 பாயின்ட். சேர்ந்தவுடன் 2,000 பாயின்ட் பரிசு. வருஷத்தில் இரண்டரை லட்சம் செலவழித்தால் இன்னும் 3,000. சிங்கப்பூருக்கு ஒரு வழி டிக்கெட் 10,000 பாயின்ட். வருஷக் கட்டணம் 3,000 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். ஆக 3,540.

"எப்படியும் மாசம் இருபத்தைந்தாயிரம் செலவாகுது. அதைக் கார்டில் தேய்த்தால் என்ன?" என்று நான்தான் அவரை வற்புறுத்தினேன். சம்பளம் அவருடையது என்பதால் கார்டு அவர் பெயரில் வந்தது. அதோடு இணைத்து எனக்கும் ஒரு கார்டு கொடுத்தார்கள்.

என் மனக்கணக்கு சுலபமாக இருந்தது. 25,000 பன்னிரண்டு மாதத்துக்கு மூன்று லட்சம். மூன்று லட்சத்துக்கு 6,000 பாயின்ட். பரிசுகளையும் கூட்டினால் 11,000. டிக்கெட் கையில் வந்த மாதிரிதான்!

அந்த டிசம்பரில் பெண் ஃபோன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாளாம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று நினைத்திருந்தேன். அவள் வேலை பார்க்கும் இடத்து லீவும் ஆஸ்பத்திரி ஏற்பாடும் அங்கேதான் ஒத்துவந்தன. "நீ வந்துடும்மா, அது போதும்" என்றாள். ஜூலைக் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாயின்ட்டும் சரியாக அந்த நேரத்துக்குத்தானே சேர்கிறது!

2023 மே மாதம், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்கலாமே என்று கார்டு கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. பெட்ரோலுக்குப் பாயின்ட் கிடையாதாம். இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குக் கிடையாதாம். மொபைல் வாலட்டில் பணம் ஏற்றியதற்கும் கிடையாதாம். மாதம் 25,000-இல் 18,000-தான் கணக்கில் சேருமாம். வருஷத்துக்கு 2,16,000. அதற்குப் பாயின்ட் 4,320. அந்த 3,000 பரிசு பாயின்ட்டுக்கு இன்னும் 34,000 ரூபாய் செலவு செய்ய வேண்டும், அதுவும் அந்த மாதக் கடைசிக்குள்!

அவசரத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? 38,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினேன்.

"பழசு நல்லாத்தானே ஓடிட்டிருக்கு?" என்றார் அவர்.

"பத்து வருஷமாச்சுங்க. எப்படியும் மாத்தணும்" என்று வாயடைத்தேன்.

அடுத்து வந்த பில் 63,000 ரூபாய். அதிலேயே, குறைந்தபட்சம் 3,150 கட்டினால் போதும் என்று கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள். அது சலுகை என்று நினைத்துக்கொண்டேன். மளிகைக்கு உண்டானதைக் கட்டிவிட்டு ஃப்ரிட்ஜ் பணத்தைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்று விட்டுவிட்டோம். மாதத்துக்கு மூன்றரை சதவீத வட்டி! வருஷத்துக்கு நாற்பத்திரண்டு! நம் தெருவில் யாராவது அந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் "கந்துவட்டி" என்று காறித் துப்புவோம். வட்டிக்கும் 18 சதவீத வரி உண்டு. இன்னொன்றும் அப்போது தெரியாது. பாக்கி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு வாங்குகிற உப்பு புளிக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். 45, 50 நாள் வரை வட்டியில்லை என்று அவர்கள் சொல்வது முழுப் பணத்தையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். மூன்று பில்லில் வட்டியும் வரியுமாக 4,200 ரூபாய் போயிற்று. அந்த ஃப்ரிட்ஜுக்குக் கிடைத்த பாயின்ட் 760!

பரிசு பாயின்ட் ஜூலை பில்லோடுதான் ஏறும் என்றார்கள். பெண் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டாள், "எப்போம்மா வர்றே?" என்று. "இந்த பில் வரட்டும்டி, பாயின்ட் ஏறின உடனே டிக்கெட் போட்டுடறேன்." இதே பதில்தான். விசா வந்தாயிற்று. பிரசவ லேகியம் கிளறிப் பாட்டிலில் போட்டு வைத்தாயிற்று. பாயின்ட் மட்டும் வரவில்லை.

குழந்தை பாயின்ட்டுக்குக் காத்திருக்குமா? சொன்ன நாளுக்குப் பதினேழு நாள் முன்னாலேயே ஒரு விடியற்காலையில் மாப்பிள்ளையின் ஃபோன் வந்தது. "அத்தை, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்." பதறிப்போய் விமானக் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். இந்த வாரத்தில் பாயின்ட்டுக்குக் கொடுக்கிற சீட்டே இல்லை என்றார்கள். ஒவ்வொரு விமானத்திலும் அதற்கென்று கொஞ்சம் சீட்டுதான் ஒதுக்குவார்களாம். பாயின்ட் முழுசாக இருந்திருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சீட்டு கிடைத்திருக்காது! கடைசியில் கொழுந்தனார் கைமாற்றாகக் கொடுத்த பணத்தில் 21,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்துக் கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவு கிட்டத்தில் இருந்த பெண்ணிடம் நான் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து ஒன்றரை நாள் ஆகிவிட்டது. முதல் நாள் அவளுக்குச் சூடாக இஞ்சி சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் பக்கத்து வீட்டுச் சீன அம்மாள். என் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வந்துட்டியாம்மா" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு நான் குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியதும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை முறித்துக் கொழுந்தனாருக்கும் கார்டுக்கும் கட்டினோம். கொழுந்தனார் மகன் சென்னையில் பாங்க்கில் வேலை பார்க்கிறான். முதலிலேயே அவனிடம் கேட்டிருக்கலாம். பெரியம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைப்பானோ என்று கூச்சப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் என் கணக்கு நோட்டையும் பில்களையும் வாங்கிப் பார்த்தான்.

"பெரியம்மா, இது புதுசு இல்ல. 1981-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆரம்பிச்ச மாதிரி ஒண்ணு இது. அடிக்கடி பறக்கிறவங்களைக் கைக்குள்ள வெச்சுக்க வந்த திட்டம். நீங்க வருஷத்துக்கு எத்தனை தடவை பறக்கிறீங்க?" என்றான்.

"ஒரு தடவை போனாலே பெரிசு."

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். முன்கூட்டி எடுத்தால் ஒரு வழி டிக்கெட் 9,000 ரூபாய். பாயின்ட்டில் எடுத்தாலும் வரி, விமான நிலையக் கட்டணம் என்று 3,000 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஆக 10,000 பாயின்ட்டால் மிச்சமாவது 6,000 ரூபாய். ஒரு பாயின்ட் 60 பைசா. எங்கள் வீட்டுச் செலவுக்கு வருஷத்தில் சேரும் 4,320 பாயின்ட்டின் மதிப்பு 2,592 ரூபாய். அதற்கு நாங்கள் கட்டும் வருஷக் கட்டணம் 3,540! வட்டியே கட்டாமல் இருந்தாலும், பரிசு பாயின்ட்டுக்காக ஓடாவிட்டால் வருஷா வருஷம் நஷ்டம்தான். இரண்டாம் வருஷக் கட்டணமும் பில்லில் ஏறியிருந்தது. இரண்டு கட்டணமும் வட்டியும் சேர்த்து 11,280 ரூபாய். "இலவச" டிக்கெட்டுக்கு நான் கொடுத்த விலை அது. ஃப்ரிட்ஜ் தனி.

அந்தக் கார்டை ரத்து செய்தோம். பாக்கி இல்லாமல் இருந்து, மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் பாங்க் மூடிவிட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2022-இல் ரிசர்வ் பாங்க் விதி போட்டதையும் அவன்தான் சொன்னான். கார்டு போனாலும், சேர்ந்த 10,080 பாயின்ட் விமானக் கம்பெனிக் கணக்கில் அப்படியே இருந்தது.

பிறகு அவனும் நானும் உட்கார்ந்து வேறொரு கார்டு பார்த்தோம். இந்த முறை கார்டுக்காரர்களின் நோட்டீஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கணக்கு நோட்டை முதலில் பிரித்தேன். கீரைக்காரம்மா, பால்காரர், வேலைக்காரம்மா எல்லாம் ரொக்கம். பெட்ரோல், இன்ஷூரன்ஸ் தள்ளுபடி. மீதி 18,000-க்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுத்தோம். புதுக் கார்டில் 200 ரூபாய்க்கு 3 பாயின்ட்தான். ஆனால் வருஷம் இரண்டு லட்சம் செலவானால் கட்டணம் கிடையாது. நாங்கள் ஓடாமலே அது ஆகிவிடும். பாயின்ட்டைப் பல விமானக் கம்பெனிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். வருஷத்துக்கு 3,240 பாயின்ட். 60 பைசா வீதம் 1,944 ரூபாய். சிறு தொகைதான். ஆனால் முழுக்க நமக்கு!

சகோதரிகளே, நீங்களும் இப்படி ஒரு கார்டு எடுப்பதாக இருந்தால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. மாதா மாதம் முழு பில்லையும் கட்ட முடியுமா? முடியாது என்றால் பாயின்ட் கார்டே வேண்டாம். ஒரு மாத வட்டி பல மாதப் பாயின்ட்டை விழுங்கிவிடும். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னதாகக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

2. எதற்கெல்லாம் பாயின்ட் கிடையாது என்று முதலில் கேளுங்கள். முக்கிய விவரங்களை ஒரே பக்கத்தில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. பாயின்ட்டை ரூபாயாக்கிப் பாருங்கள். டிக்கெட் விலையில் வரியைக் கழித்து, தேவையான பாயின்ட்டால் வகுத்தால் தெரிந்துவிடும். கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கிறவர்களுக்குப் பணமாகவே திருப்பித் தருகிற கார்டு மேல்.

4. ஒரே விமானக் கம்பெனியை நம்பாதீர்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. பாயின்ட் அழியவில்லை, ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அது இல்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயின்ட்டுகளும் அங்கே போயின. உங்கள் ஊரிலிருந்து பறக்கிற விமானம் எது என்பதையும் பாருங்கள்.

5. பாயின்ட்டுக்கும் மருந்துப் பாட்டில் போலக் காலாவதித் தேதி உண்டு. நோட்டில் குறித்து வையுங்கள்.

6. வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் பல கார்டுகளில் மூன்றரை சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி.

சொந்தச் சம்பளம் இல்லாத நம் போன்றவர்கள் பாங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் மேல் நம் பெயரிலேயே கார்டு வாங்கலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

2024 ஜூலையில் பேத்திக்கு முதல் பிறந்த நாள். மார்ச் மாதமே உட்கார்ந்து, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, அந்தப் பழைய பாயின்ட்டில் போக டிக்கெட் எடுத்தேன். வரிக்கு 3,000 ரொக்கம். திரும்பி வர டிக்கெட்டைப் பணம் கொடுத்தே வாங்கினேன். பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய் இறங்கினேன். கதவைத் திறந்த பெண், "இந்தத் தடவை சீக்கிரம் வந்துட்டியேம்மா!" என்று சிரித்தாள்.

இப்போது இரண்டாவது பேரனோ பேத்தியோ வரப்போவதாகச் செய்தி. பாயின்ட் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதை நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. போஸ்ட் ஆபீஸில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் புதிதாக ஆர்.டி. தொடங்கியிருக்கிறேன். லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கியாயிற்று. இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாலேயே கிளம்புகிறேன்.