குட்டி பாட்டிலும் ராத்திரி லாரியும்

அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு, பெரம்பலூர் வந்து திருச்சி - சென்னை நெடுஞ்சாலையைப் பிடிக்கும் லாரிகளை ராத்திரியில் பார்க்கலாம். டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டும் டிரைவர் முன்பெல்லாம் ஸ்ட்ராங்கா ஒரு டீ சொல்வார். இப்போது ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு குட்டி எனர்ஜி டிரிங்க் பாட்டிலும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் பசங்க கையிலும் அதே பாட்டில்தான். (மூன்று மாசம் படிக்காததை மூன்று மணி நேரத்தில் படிக்கணுமே!)

டிரைவர்களுக்கும் இதற்கும் உறவு பழசு. 1970-களில் தாய்லாந்தில் வந்த கிராட்டிங் டேங் என்ற டானிக்கை விரும்பிக் குடித்தது லாரி ஓட்டுநர்களும் கூலித் தொழிலாளிகளும்தான். அதுவே 1987-ல் ஆஸ்திரியாவில் ரெட் புல் ஆனது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? கஃபைன், டாரின், பி வைட்டமின்கள், சிலவற்றில் ஜின்செங். டாரின் என்றால் காளையின் விந்து என்று ஃபார்வர்டு மெயில் காலத்திலிருந்தே ஒரு கதை சுற்றுகிறது. சுத்தப் பொய்! 1827-ல் மாட்டுப் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்ததால் வந்த பெயர் அது. இப்போது ஆலையில் செயற்கையாகச் செய்கிறார்கள். டாரின் களைப்பைத் தள்ளிப்போடும் என்ற விளம்பர வாசகத்துக்கு ஆதாரம் போதாது என்று 2011-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. பி வைட்டமினோ, உடம்பில் குறைச்சல் இல்லாதவருக்குப் புதிதாக எந்தத் தெம்பும் தராது.

ஆக, வேலை பார்ப்பது கஃபைனும் சர்க்கரையும் மட்டும்தான். 250 மில்லி ரெட் புல்லில் கஃபைன் 75-80 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஒரு கப் காபி அளவு. சர்க்கரை 27 கிராம்! சூடான காபியை ஊதி ஊதிக் குடிக்கணும். இது சில்லென்று இனிப்பாக ஒரே மடக்கில் இறங்கிவிடும், அடுத்த பாட்டிலுக்கும் கை போகும். படபடப்பு அங்கேதான் ஆரம்பம்.

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். தூக்கத்துக்குக் கூப்பிடுவது அதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி, அது உட்கார வேண்டிய இடத்தில் கஃபைன் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கேயும் போய்விடவில்லை, நின்றுகொண்டே வருகிறது. கஃபைன் பாதி இறங்க சுமார் 5 மணி நேரம். பதினோரு மணிக்குப் பெரம்பலூரில் குடித்தவருக்கு அது செங்கல்பட்டை நெருங்கும் விடிகாலை நாலு மணி...

கஃபைனும் ஜின்செங்கும் சேர்ந்த கலவையைக் காரணம் காட்டி, மான்ஸ்டர் உள்ளிட்ட சில பானங்களைத் திரும்பப் பெறச் சொன்னது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். அது 2015-ல். அடுத்த வருஷமே தனி விதி வந்தது: லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபைன் கூடாது, சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்றும், ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் பாட்டிலில் அச்சிடணும். மான்ஸ்டரும் கடைக்குத் திரும்பிவிட்டது. அச்சிடுகிறார்கள்தான், எறும்பு சைஸில், பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

அரை மணி நேரம் வண்டியை ஓரங்கட்டித் தூங்கலாமே என்றால், விடியறதுக்குள்ள லோடு இறங்கணும்னு டிரைவருக்கு போன் வந்துகொண்டே இருக்கிறது.